ஐந்தாம் அங்கத்துக்கு ஒரு ஆள்

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில், நஞ்சு குடித்துச் சாவதற்கு முன்பாக, ஆதவசேனன் வடகரைப்பேட்டைக் கல்லூரிக்கு ஒரு நடை வந்து ஆராயப்பட்டுவிட்டுப் போவான். 'மாதங்கி மணம்' என்ற பழைய துன்பியல் நாடகத்தில் அவன் குதிரைப்படைத் தலைவன். நாடகத்திலிருந்து வடகரைப்பேட்டைக்கு நேர்ப் பேருந்து கிடையாது. அரசர்குளம் விலக்கில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். வாளை மேலே பை வைக்கிற கம்பியில் செருகிவிட்டு, தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்காருவான். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது, "இந்த வருசமாவது தேறுமா?" என்று கேட்பார். "பார்ப்போம்" என்பான் ஆதவசேனன்.

தேற வேண்டியது அவனுடைய காதல். மாதங்கி இளவரசி. அவளுக்கு அயல்நாட்டு இளவரசன் ஒருவனோடு மணம் நிச்சயமாகிறது. ஆதவசேனன் என்று ஒருவன் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஐந்தாம் அங்கத்தில், கல்யாணப் பந்தலில், மாப்பிள்ளைக்கென்று பகைவர்கள் நஞ்சு கலந்து வைத்த பாலை இவன் வாங்கிக் குடித்துவிடுகிறான். குடித்துவிட்டு எண்பது வரி பேசுகிறான். நிலாவே, மானே, அன்னமே, அல்லியே என்று அவளை நினைத்துப் பேசி முடித்துத் தூணோரமாகச் சாய்கிறான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். படைக்கு முந்தி நின்றே பழகிய மனிதன் பந்தி நேரம் பார்த்துச் செத்தால் யார் கவனிப்பார்கள்? எல்லோரும் இலை போட்ட பக்கம் போய்விடுகிறார்கள். திரை விழுகிறது.

இதைத்தான் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டுக்குப் பாடமாக வைத்திருந்தார்கள். கேள்வி மாறுவதே இல்லை. 'ஆதவசேனனிடம் இருந்தது ஒருதலைக் காதலா, வெறும் மயக்கமா? நாடகச் சான்றுகளுடன் விளக்குக.' பதினாறு மதிப்பெண். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அவனை உட்காரவைப்பார்கள். பிள்ளைகள் அவனைப் பார்த்துப் பார்த்து எழுதுவார்கள். கால் அரித்தால்கூடச் சொறிய மாட்டான். சொறிந்தால் அதற்கும் ஒரு பத்தி எழுதிவிடுவார்கள் என்று அவனுக்கு அனுபவத்தில் தெரியும்.

கல்லூரியில் என்ன முடிவாகிறதோ அது அவன் உடம்பில் ஏறும். அது எல்லா இலக்கியத்துக்கும் உள்ளதுதான். ஒருமுறை அவன் குத்தகைக் குடியானவனின் மகன் என்று ஒரு கட்டுரை வந்தது. அதன்பின் அவன் உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய், வாளைப் பிடித்தால் மண்வெட்டியைப் பிடிப்பதுபோல் இருந்தது. இன்னொரு முறை, அவன் மாதங்கியிடம் தேடியது உண்மையில் தாய்ப்பாசத்தைத்தான் என்று யாரோ எழுதிவிட்டார்கள். மறுநாள் நாடகத்தில் அவன் கூடாரத்துக்கு ஓர் அம்மா வந்துசேர்ந்தாள். மூலத்தில் அவனுக்குத் தாய் கிடையாது. இருந்தாலும் அவள் சுண்டைக்காய் வற்றக்குழம்பு வைத்தாள், வெந்நீர் போட்டாள், நஞ்சு குடிக்கப் போகிற அன்று காலையில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். இரண்டு ஆண்டு இருந்தாள். மறுப்புக் கட்டுரை வெளியான அன்று மூட்டையைக் கட்டிக்கொண்டு, "வாரேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மறுப்புக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது.

இந்த ஆண்டு அவன் வந்து இறங்கியபோது கேன்டீன் ஞானமுத்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஒரு சங்கதி. ஒங்க அஞ்சாம் அங்கத்த எடுக்கப் போறாவளாம்."

"எடுக்கிறதுன்னா?"

"பருவத்துக்கு நாலு அங்கந்தான் நடத்த முடியுமாம். மேலருந்து சொல்லிட்டாவ. வடையச் சாப்பிடும், ஆறிரும்."

துறைத்தலைவர் நல்லபெருமாள் அதை விளக்கமாகச் சொன்னார். அவர் முப்பது ஆண்டுகளாக அந்த ஒரே நாடகத்தைத்தான் நடத்திவருகிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று துறையில் யாரும் கேட்டதுமில்லை. இரண்டாம் அங்கத்தில் மாதங்கி நுழைகிற பாடம் நடத்தும் அன்றைக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். அது அவருடைய பழக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

"பாரும் ஆதவசேனா. கருத்தரங்கம் கூட்டியிருக்கோம். உம்மோடது காதல்னு முடிவாச்சுன்னா முதல் அங்கத்த எடுத்துருவோம். அதுல என்ன, அரண்மனை வர்ணனைதானே. மயக்கம்னு முடிவாச்சுன்னா அஞ்சாவத எடுக்க வேண்டியதுதான். ஒரு மயக்கத்துக்காக ஒரு மனுசன் சாகணும்னு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியாதில்லையா?"

"அப்போ நான் என்ன செய்வேன்?"

"நாலாம் அங்கத்துலேயே கல்யாணம். நீரு வாசல்ல நின்னு சந்தனம் குடுக்கலாம்."

சாவது ஆதவசேனனுக்குப் பழகிப்போன வேலை. பால் சற்றுக் கசக்கும், நாக்கு மரத்துப்போகும், எண்பதாவது வரி முடிவதற்குள் கால் தளர்ந்துவிடும், அவ்வளவுதான். எதற்காகச் செத்தோம் என்பது மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். இத்தனை ஆண்டும் விழுந்து விழுந்து செத்தது ஒரு மயக்கத்துக்குத்தான் என்றால், அதைவிடச் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பது பரவாயில்லை. அப்படி நிற்கவும் அவனால் முடியாது. அவனுக்கு அழுகை வந்தது. தலைப்பாகையைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கருத்தரங்கம் புதன்கிழமை காலையில் தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர்களுக்கு மற்றவர்கள் போர்த்தினார்கள். விளக்குக்கும் மிச்சமிருந்த ஒன்றைப் போர்த்திவிட்டு, ஆதவசேனனை மேடை ஓரத்து முக்காலியில் உட்காரவைத்தார்கள். அரங்கம் காதல் கட்சி, மயக்கக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்துகொண்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது எந்த ஊர் வழக்கமோ தெரியவில்லை. இங்கே இரண்டுபட்டவர்கள்தாம் கொண்டாடினார்கள், கூத்தாடி முக்காலியில் வியர்த்துப்போய் இருந்தான்.

ஒருவர் அவனுடைய பெருமூச்சை அளந்து வந்திருந்தார். காதலுக்குரிய நீளம் இல்லை என்றார். இன்னொருவர் அவன் உடல் காதல் நோயில் மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். இரண்டு பேர் வந்து கைவளையைக் கழற்றிப் பார்த்தார்கள். வளை இறுக்கமாக இருந்தது. காலையில் கேன்டீனில் நாலு வடை தின்றது இப்படி ஒரு சான்றாக வந்து நிற்கும் என்று அவன் நினைக்கவில்லை. நல்லபெருமாள் எழுந்து எண்பது வரியையும் மனப்பாடமாகச் சொன்னார். அல்லி என்ற சொல் வரும்போது அவர் குரல் உடைந்தது. காதல் கட்சி கைதட்டியது.

அப்போதுதான் பிரிசில்லா எழுந்தாள். அந்த ஆண்டு புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியை. மயக்கக் கட்சிக்கு அவள்தான் தலைவி. தலைவியாக வேறு யாரும் வரச் சம்மதிக்காததால் அவளைப் போட்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ண ஏன் கூப்பிடலை?" என்று கேட்டாள்.

"எந்தப் பொண்ணு?" என்றார் நல்லபெருமாள்.

"மாதங்கியத்தான்."

இத்தனை காலமும் அவளைக் கூப்பிடவேண்டும் என்று துறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காதல் அவனுடையது, அதை ஆராய்வது நாம், இதில் அவளுக்கு என்ன வேலை என்பதுதான் துறையின் நிலைப்பாடு. நல்லபெருமாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூப்பிடுற வழக்கம் இல்ல" என்றார். குரல் சரியாக வரவில்லை. அவர் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டதை ஆதவசேனன் பார்த்தான்.

பிரிசில்லா சொல்லியனுப்பினாள். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு, அரசர்குளம் விலக்கில் மாறி, மாதங்கி வந்துசேர்ந்தாள். மூன்றாம் அங்கத்து உடையிலேயே வந்திருந்தாள். மகுடத்தைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் அது பதிந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டாள். நாடகத்தில்தான் செந்தமிழ் பேசுவாள். வெளியே வந்தால் நம்மைப்போலத்தான்.

"இவியளத் தெரியுமா?" என்று பிரிசில்லா கேட்டாள்.

மாதங்கி ஆதவசேனனை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்ல. நான் வெளிய போனப்புறம் ஒரு குரல் கேக்கும். அது இவியதானா?"

அது உண்மை. நாடகம் எழுதியவர் அவர்களை ஒரு காட்சியிலும் சேர்த்து நிறுத்தவில்லை. அவள் மேடையை விட்டுப் போகும்போது அவன் உள்ளே வருவான். அவள் நின்ற இடத்தைப் பார்த்துப் பேசுவான். கல்யாணப் பந்தலிலும் அவள் பந்திக்குப் போனபிறகுதான் அவன் பாலைக் குடிப்பான். துன்பியலின் உச்சம் அதுதான் என்று நல்லபெருமாள் பல பக்கம் எழுதியிருக்கிறார்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கும்" என்றாள் மாதங்கி. "தெரைக்குப் பின்னால நின்னு கேட்டிருக்கேன். ஆனா அது என்னையச் சொல்லுதா, வேற யாரையும் சொல்லுதான்னு தெரியாது. நெலாங்கும், மானுங்கும். நெலா யாருக்குத்தான் பொருந்தாது." பிறகு நேராக அவன் பக்கம் திரும்பினாள். "நெலாவ விட்டுட்டு என்னயப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லும், பாப்போம்."

ஆதவசேனன் வாயைத் திறந்தான். மான் வந்தது. விழுங்கினான். அன்னம் வந்தது. அதையும் விழுங்கினான். எண்பது வரியையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். அதில் மாதங்கி எங்குமே இல்லை. அவள் முகத்தையே இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறான். மோவாயில் ஒரு சிறு தழும்பு இருப்பது அவனுக்குத் தெரியாது. முன்வரிசையில் பிள்ளைகள் எழுதுகிற சத்தம் கேட்டது.

"மூணாம் அங்கத்தில்" என்று தொடங்கினான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "மூணாம் அங்கத்தில் நீங்க அவசரமா உடை மாத்திட்டு வருவீங்க. ரவிக்கைக்கு முதுகுப் பக்கம் கொக்கி அறுந்து கிடக்கு. அங்கே ஓர் ஊக்கு குத்தியிருக்கு. நீங்க வெளியே போறப்போ நான் பின்னால இருந்து பார்க்கிறேன், அந்த ஊக்கு எப்பவும் திறந்தே இருக்கு. குத்திருமேன்னு எனக்குப் பதறும். சொல்லலாம்னா எனக்கு அந்த இடத்தில் வசனம் கிடையாது. உடனே நிலாவைப் பேச ஆரம்பிச்சிரணும்."

மாதங்கி கையைப் பின்னால் கொண்டுபோனாள். தோளெலும்புக்கு நடுவே விரல் தடவி நின்றது.

"குத்தத்தான் செய்யுது" என்றாள். அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகுடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நாலாம் அங்கத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். போகும்போது அரங்கம் முழுவதும் அவள் முதுகைப் பார்த்தது. ஊக்கு திறந்திருந்தது.

மாலை வரைக்கும் விவாதம் நடந்தது. ஊக்கு காதல்தான் என்பதில் பிரிசில்லாவுக்கே ஐயம் இல்லை. மயக்கக் கட்சியில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கேள்வி 'நாடகச் சான்றுகளுடன்' என்று கேட்கிறது. நாடகத்தின் எந்தப் பதிப்பிலும் ஊக்கு இல்லை. அடிக்குறிப்பில்கூட இல்லை. நூலுக்குள் இருப்பது நிலாவும் மானும்தான், அது மயக்கம். ஊக்கைப் பார்த்த ஆதவசேனன் நூலுக்கு வெளியே நிற்கிறான், அவனுடைய காதலுக்குத் துறை பொறுப்பில்லை. இப்படி முடிவெடுத்து அவனிடம் சொன்னார்கள்.

"அப்படின்னா நான் காதலிச்சேன். ஆனா அதுக்காகச் சாக முடியாது" என்றான் ஆதவசேனன்.

"அதுதான் முடிவு" என்றாள் பிரிசில்லா. அவன் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை.

ஐந்தாம் அங்கத்தைப் பாடத்திலிருந்து அடிக்கப் பேனாவை எடுத்தபோது நல்லபெருமாள் கையைத் தூக்கினார். பாடத்தாளுக்குத் துன்பியல் என்று பேர் வைத்திருக்கிறது, துன்பியல் என்றால் யாராவது சாக வேண்டுமே என்றார். அதை யாரும் யோசித்திருக்கவில்லை. சாவதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளின் காதலும் முழுக்க நூலுக்குள்ளேயே இருக்க வேண்டும். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லபெருமாள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்றைக்கும் அது இஸ்திரி போட்ட சட்டையாகவே இருந்தது.

"முப்பது வருசமா எனக்கு அவளத் தவிர வேற யாரும் இல்ல" என்றார். "நான் புஸ்தகத்துக்கு வெளிய ஒரு நாளும் அவளப் பாத்ததில்ல. இன்னிக்குத்தான். அவளக் கூப்பிட விடாமப் பாத்துக்கிட்டதும் நான்தான். நேர்ல கண்டா எனக்கு நாக்கு எழும்பாதுன்னு தெரியும். எழும்பவும் இல்ல."

பிரிசில்லா அவருடைய தகுதிகளைப் பார்த்தாள். அவரிடம் சான்றுக்குப் பஞ்சமே இல்லை, எல்லாவற்றிலும் பக்க எண் இருந்தது. அது காதலா மயக்கமா என்று அடுத்த ஆடியில் ஆராயலாம், அதுவரைக்கும் அவர் சாகலாம் என்று தீர்மானித்தார்கள். 'ஐந்தாம் அங்கம் (பொறுப்பு)' என்று ஆணை தயாரானது. ஆதவசேனன் வாளை அவர் இடுப்பில் கட்டிவிட்டான். எடுத்தவுடன் மொத்தப் பாலையும் குடிக்க வேண்டாம், பாதி குடித்தால் எண்பது வரிக்கும் மூச்சு தாங்கும் என்று காதில் சொன்னான். நல்லபெருமாள் தலையாட்டிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் போனார். துறைத்தலைவர் நாற்காலி காலியாக இருந்ததாலும், நாடகத்தை நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இல்லாததாலும், மறுநாள் முதல் அதில் ஆதவசேனன் உட்கார்ந்தான்.

பாடம் நன்றாகத்தான் நடத்தினான். உள்ளங்கைக் காய்ப்பு சாக்பீஸ் பிடிக்கத் தோதாக இருந்தது. மதியம் ஞானமுத்து கேன்டீனில் சாப்பாடு. மூன்றாம் அங்கத்தை மட்டும் பிரிசில்லாவிடம் விட்டுவிடுவான். அந்த நேரத்தில் வராந்தாவில் போய் நின்றுகொண்டிருப்பான். சாகாமல் இருப்பது அவனுக்குப் பழகவே இல்லை. ஐந்தாம் அங்கத்துக்குரிய நேரம் வந்தால் நாக்கு தானாக மரத்துப்போகும், ஆனால் அதற்குமேல் ஒன்றும் ஆகாது.

அடுத்த ஆடியில் நல்லபெருமாள் வந்தார். இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் ஒரு களை இருந்தது. வாளைக் கதவோரமாகச் சாத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். 'நல்லபெருமாளிடம் இருந்தது ஒருதலைக் காதலா, வெறும் மயக்கமா?' என்று ஆதவசேனன் கரும்பலகையில் எழுதினான். பிள்ளைகள் அவரைப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். அவரும் காலைச் சொறியவில்லை.

"எப்படி இருக்கா?" என்று ஆதவசேனன் மெதுவாகக் கேட்டான்.

"நல்லாருக்கா. நெலாவெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன், ஒண்ணும் எடுபடல." நல்லபெருமாள் முக்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மூணாம் அங்கத்துல அவ வெளிய போறப்போ நான் உள்ள வாரேன்லா. இப்பல்லாம் வாசல்ல நின்னு ஒரு தடவ திரும்பிப் பாக்கா."

"உம்மையா?"

"என்னைய இல்ல. எனக்குப் பின்னால. வேற யாரும் வாராவளான்னு பாக்கா. பாத்துட்டுப் போயிருதா."

ஆதவசேனன் சாக்பீஸை மேசைமேல் வைத்தான். "ஊக்கு?"

"தெறந்துதான் கெடக்கு. தோழிப்பொண்ணு மாட்ட வந்தா. வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னுட்டா. குத்துமேன்னு கேட்டா, குத்தட்டும்ங்கா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அந்த எடத்துல வசனம் கிடையாது."

ஆதவசேனன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். வெளியே டவுன் பஸ் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. நாடகத்தில் அது மூன்றாம் அங்கம் முடிகிற நேரம். அவனுக்கு முதுகில், இரண்டு தோளெலும்புக்கும் நடுவே, சுருக்கென்று ஏதோ குத்தியது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினான். சட்டையில் ஓர் ஊக்கு இருந்தது, திறந்திருந்தது. விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

அவன் அதை மூடவில்லை. திரும்பி வந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தான். வகுப்பறையில் நடந்தது எல்லாமே சான்றுதான் என்பதால் எந்தப் பதிப்பிலும் இல்லாத அந்த ஊக்கையும் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.